பரண்மேல் ஒரு கண்

சேவ் என்ற இடத்தை அழுத்தியதும் ரவுட்டர் மறுபடியும் தன் பச்சை விளக்குகளை அணைத்துக்கொண்டு ஊமையாகிவிட்டது. இனி அது தானாக விழித்துக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை, சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே, இந்த வீட்டுக்கு இப்போது இதுதான் பூசாரி, என்று புனிதவதி மடிக்கணினியை மேசைமேல் தள்ளிவிட்டு வயிற்றின்மேல் கையை வைத்தாள், உடனே எடுத்தாள், வைக்கக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள், கை கேட்பதில்லை. எலுமிச்சம்பழம் அளவு என்றார் டாக்டரம்மா. இந்த டாக்டர்களுக்கு மட்டும் ஏன் எல்லாக் கட்டியும் பழமாகவே தெரிகிறது, ஒன்று நெல்லிக்காய், இல்லையென்றால் எலுமிச்சை, கொஞ்சம் விட்டால் சாத்துக்குடி, அவர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து இந்த வீட்டில் எலுமிச்சை சாதம் கிடையாது. எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார். கர்ப்பப்பையோடு எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, பார்த்து. அந்தப் பார்த்து என்ற இடத்தில்தான் அவள் மனம் போய்ப் போய் இடித்துக்கொண்டது. நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அன்றைக்கே ஆபரேஷன். பெண்கள் வார்டு, ஆண்கள் கூடத் தங்கக் கூடாது, கரூரிலிருந்து தங்கை தேன்மொழி வந்து அவளோடு இருப்பாள், இங்கே மெஸ்ஸிலிருந்து கேரியரில் சாப்பாடு வந்துவிடும், எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தாயிற்று, ஒன்றைத் தவிர. அவள் கணவர் சம்பந்தத்துக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. போன வைகாசியில் ரிட்டையர் ஆனதிலிருந்து பகலில் தனியாக இருந்து பழகியவர்தான், ஆனால் அது பகல், மதியம் அவள் போன் செய்வாள், சாயங்காலம் வந்துவிடுவாள். இது நாள் கணக்கு, அல்லது வாரக் கணக்கு, அல்லது அவளுக்குத் தெரியாத ஏதோ கணக்கு. போன மாதம் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் வீடெல்லாம் பரவியிருந்தது, அவரே மோந்து கண்டுபிடித்து மூடிவிட்டார், மூடிவிட்டுச் சிரித்தார், அவளுக்குத்தான் இன்னும் அந்த வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. வார்டில் படுத்துக்கொண்டு அந்த அடுப்பையே நினைத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காகத்தான் இந்த ரவுட்டரோடு மல்லுக்கட்டு, அதற்காகத்தான் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் அந்தக் கேமரா. இதெல்லாம் அவருக்குத் தெரியாது.

தெரியாது என்றால் சொல்லவில்லை என்று அர்த்தம், சொல்லவில்லை என்றால் மறைத்தாள் என்று அர்த்தம், எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. கேமரா பழசு. அவள் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் புதிது மாட்டியபோது கழற்றிப் போட்டது, கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். புதுசாக இருந்தால் ஒரு ஆப்பை இறக்கினால் போதும், ஊர் உலகத்தில் எங்கிருந்தும் பார்க்கலாம். இது வீட்டு வைஃபையில் அழகாகத் தெரியும், வாசலைத் தாண்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். "ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் போடணும்க்கா, வெளியிலேர்ந்து இந்த நம்பருக்கு எது வந்தாலும் உள்ள கேமராவுக்கு அனுப்புன்னு அதுகிட்ட சொல்லி வெக்கணும், அவ்ளோதான்," என்றார் பக்கத்து நாற்காலி ஜமால். அவ்ளோதான் என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா, தினமும் எத்தனை பேருக்கு அவளே அதைச் சொல்கிறாள். பாஸ்வேர்டை மாத்துங்கக்கா, பழைய பாஸ்வேர்டோட வெளியில திறந்து விட்டீங்கன்னா கண்டவனும் உள்ள வந்து பாப்பான், என்றும் சொல்லியிருந்தார். கண்டவனும். பாஸ்வேர்டை மாற்றி, மாற்றியதை மறுபடியும் மாற்றி, நீளமாக, தனக்கே மறந்துவிடும்போல் ஒன்றை வைத்தாள். கண்டவன் வரமாட்டான், சரி. அவள் வருவாளே. கட்டினவள் பார்ப்பதில் என்ன தப்பு என்று ஒரு பக்கம் கேட்கிறது, இருபத்தேழு வருஷமாகப் பார்க்காததையா பார்க்கப்போகிறேன் என்று கேட்கிறது, கேட்டு முடிப்பதற்குள் ஷேவிங் சோப்பின் வாசனை வந்துவிடுகிறது.

கல்யாணமான முதல் வாரம். அவர் முகத்தில் நுரையோடு கண்ணாடி இல்லாத சுவரைப் பார்த்து நின்று ஷேவ் செய்துகொண்டிருந்தார், அவள் காப்பியோடு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஆசைதான். பார்க்கப்படுகிறோம் என்று தெரியாத ஒரு ஆணை அவள் அதுவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை, விரல் முன்னால் போய்த் தடவிப் பார்த்துச் சொல்ல, பிளேடு பின்னாலேயே போனது, அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். "யாரு?" என்றார். வெட்கத்தில் அவளுக்கு வாய் வரவில்லை. "யாருங்க அங்க?" என்றார் மறுபடியும், இம்முறை குரல் வேறு, சொந்த வீட்டில் ஒரு மனிதன் அப்படிக் கேட்கக் கூடாது, அப்படி ஒரு குரல். பிளேடு கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் சண்டையெல்லாம் போடவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், "என்னை நீ எவ்வளவு வேணும்னாலும் பாரு புனிதா, பாக்கறேன்னு சொல்லிட்டுப் பாரு. அது ஒண்ணுதான் உங்கிட்ட நான் கேக்கறது." தாலி கட்டியவர் நகை கேட்பார், சீர் கேட்பார் என்று அம்மா பயமுறுத்தியிருந்தாள், இவர் இதைக் கேட்டார். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் அவளுடைய வளையல் கதவில் ஒருமுறை தட்டும், நான்தாங்க என்று வாய் தானாகச் சொல்லும், பக்கத்து வீட்டுக்குப் போனால்கூடப் பழக்கதோஷத்தில் நான்தாங்க என்று சொல்லிக்கொண்டே நுழைவாள், அவர்கள் சிரிப்பார்கள். கோபத்தில் பேசாமல் இருந்த நாட்களிலும் வளையல் தட்டியது. ஒரு நாளும் தவறியதில்லை. இப்போது ஒரு கண்ணை வாங்கி வந்து, நாள்காட்டிக்கு ஆணி அடிக்கிறேன் என்று பொய் சொல்லி, பரணில் உட்கார வைத்திருக்கிறாள். அதற்கு வளையலும் இல்லை, வாயும் இல்லை.

விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. கேமராவைத் தேடினாள், காணோம். அதன் முகவரி மறுபடியும் மாறிவிட்டிருந்தது. ரவுட்டர் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் வீட்டிலிருக்கிற போன், மடிக்கணினி, கேமரா எல்லாவற்றுக்கும் புதுசாக இலை போட்டு உட்கார வைக்கிறது, போன தடவை கேமரா உட்கார்ந்த இடத்தில் இந்தத் தடவை அவள் போன் உட்கார்ந்திருக்கிறது, அவள் எழுதி வைத்ததோ பழைய இடத்தை. "சீ, போ!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். "யாரை விரட்டறே?" என்று படுக்கையறையிலிருந்து சம்பந்தம் வந்தார், வழக்கம்போல நிமிர்ந்து, கதவைத் தாண்டி, மேசையைச் சுற்றி, ஒரு இடத்திலும் தொடாமல், கல்யாண மண்டபத்தில் மாமனார் நடப்பதுபோல் நடந்து வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் சொன்னாள். முழுதாக இல்லை. ஆபீஸ் வேலையை ஆஸ்பத்திரியிலிருந்தே பார்க்க ஒரு ஏற்பாடு, வெளியிலிருந்து வருவது வீட்டுக்குள் ஒரு கருவிக்குப் போக வேண்டும், போக மாட்டேன் என்கிறது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. பொதுப்பணித்துறை அலுவலகத்தில் காலமெல்லாம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். "அட, இது என்னோட போர்டு வேலைல்ல!" என்றார். "வெளியில ஒரே நம்பர்தான், உள்ள ஆளாளுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன். யாருக்குன்னு சொன்னா மாட்டிவிடுவேன். சொல்லலைன்னா, அப்படி யாரும் இங்க இல்லீங்கன்னு வெச்சிடுவேன். இதுல என்ன கஷ்டம் உனக்கு?" ஆள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறான் என்றாள். "அப்ப முதல்ல அந்த ஆளை ஒரே சீட்ல உக்கார வை. எங்க சூப்பரின்டெண்ட் ஒருத்தர் இருந்தாரு, ஃபேனுக்கு ஃபேன் சீட்டு மாத்துவாரு. அவரு வீட்டம்மா கால் பண்ணா யார் யாரோ எடுப்பாங்க. கடைசியில அவரு நாற்காலியையே கட்டிப்போட்டோம்." சிரித்தார். அவளும் சிரித்தாள், சத்தம் வரவேண்டுமே என்று சிரித்தாள். தேடினால் அப்படி ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது, இந்தக் கருவிக்கு எப்போதும் இதே முகவரி என்று கட்டிவைக்கிற பக்கம். கட்டினாள். அந்த முகவரிக்கே வெளிவாசலையும் திறந்துவிட்டாள். மனிதர் தன்மேல் வைக்கப்படும் கண்ணுக்குத் தானே வழிசொல்லிக் கொடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து விரலால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லிவிடலாமா. சொன்னால் வேண்டாம் என்பார். வேண்டாம் என்றால் அவள் கேட்டுத்தான் ஆகவேண்டும், கேட்டால் வார்டில் கேஸ் வாடை. சொல்லாவிட்டால் அந்த முதல் வாரத்துக் குரல், யாருங்க அங்க. இரண்டில் எதை எடுத்துக்கொண்டு போவது. நாளைக்கு என்னைக் கீறப்போகிறார்களே, எனக்கு இந்த ஒரு சலுகைகூட இல்லையா என்று தோன்றியது, அப்படித் தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

வீட்டு வைஃபையில பாத்துட்டு வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுடாதீங்கக்கா, வெளியில போய் மொபைல் டேட்டாவுல பாருங்க, என்று ஜமால் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் போன் பேசலாம், மொபைல் டேட்டா மட்டும் எப்போதும் இழுபறிதான். "துணி எடுத்துட்டு வந்துடறேங்க," என்று இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, கொடியில் அவருடைய வேட்டி முறுகக் காய்ந்திருந்தது, பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாராவது மோட்டாரை நிறுத்தக் கூடாதா, நிறுத்தினால் என்ன, நிறுத்தாவிட்டால் என்ன, அவள் வைஃபையை அணைத்துவிட்டு வெளிமுகவரியை அடித்தாள், பாஸ்வேர்டை அடித்தாள், தப்பு, மறுபடி அடித்தாள். வட்டம் சுற்றியது. வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். நிஜமாகவே வேண்டிக்கொண்டாள், இவ்வளவு பாடுபட்டுவிட்டு, சமயபுரத்தாளே இது வேலை செய்யாமல் போகட்டும் என்று. படம் வந்துவிட்டது. ஹால். மேசை. மடிக்கணினி. காலி நாற்காலி. கொஞ்சம் தள்ளி, யாரோ ஒரு வயசானவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தார்.

அது அவர்தான் என்று அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் திருடன் நுழைந்ததைப் பார்த்தவள்போல் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருஷத்தில் இந்த வீட்டுக்குள் அவர் கை நீட்டி நடந்து அவள் பார்த்ததில்லை. தெருவில் கம்பு உண்டு, பஸ் ஸ்டாண்டில் அவள் தோள் உண்டு, வீட்டுக்குள் அவருக்கு எதுவும் வேண்டாம், இப்போதுதானே வந்து எதிரே உட்கார்ந்தார். படத்தில் அவர் கை கதவுநிலையைத் தேடியது, இல்லாத இடத்தில் தேடியது, பிறகு புறங்கை நிலையில் போய் இடித்தது, அவர் கையை உதறிக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் அந்தக் கேலி இல்லை, சூப்பரின்டெண்ட் இல்லை, ஒன்றுமே இல்லை, பயந்த முகம். ஆபரேஷன் என்று தெரிந்த நாளிலிருந்து, ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த முகம் எங்கே கழற்றி வைக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா, காதில் ஏதாவதா, தலை சுற்றுகிறதா, எப்போதிலிருந்து இப்படி, தினமும் அவள் வேலைக்குப் போன பிறகு இப்படித்தானா, அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டும் ஆதார் எண் அடித்துக்கொண்டும் இருந்த ஒவ்வொரு பகலும் இங்கே இந்த மனிதர் கையை நீட்டிக்கொண்டு நடந்தாரா. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டோம் என்று போனைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டாள். பார்க்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. தெரியாமலே நாளைக்குப் போய் ஆபரேஷன் மேசைமேல் படுத்திருப்பாள், தெரியாமலே, எழுந்திருக்காமலும் போயிருக்கலாம், அப்போது இந்த ஆள் மீதிக் காலம் முழுக்க இப்படி. வெளியிலிருந்து வந்த அந்த எண்ணம் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்குச் செத்துப்போவதில் இருந்த பயம் இவ்வளவு நாளும் தன்னைப் பற்றியது என்றுதான் நினைத்திருந்தாள். வேட்டியைக் கொடியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

கதவில் வளையலைத் தட்டினாள். "நான்தாங்க." அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கால்மேல் கால் போட்டு, முகத்தில் எல்லாம் திரும்பி வந்திருந்தது. "என்னம்மா, லைன் கெடச்சுதா?"

"கெடச்சுது."

"பரவால்லையே! யாரு எடுத்தா?"

"நீங்கதாங்க," என்றாள் புனிதவதி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், ஆபீஸ் வேலை பொய், நாள்காட்டி ஆணி பொய், துணி பொய், பரணில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கேமரா, கேஸ் பயம், இப்போது மாடியில் பார்த்தது. நின்றுகொண்டே சொன்னாள். அவர் தாளம் போடுவதை நிறுத்திவிட்டார். முகத்தைப் பரண் பக்கம் திருப்பினார், சரியாக ஜாடி இருக்கிற பக்கம்.

"கைய நீட்டிட்டு நடந்தேனா?"

"ஆமாங்க." கேட்க பயமாக இருந்தது, கேட்டாள். "ஏங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல." மேசை விளிம்பை விரலால் தடவினார். "நீ இருந்தா வீட்ல ஒரு சத்தம் இருக்கும் புனிதா. பாத்திரம் வெப்பே, பெருமூச்சு விடுவே, ரவுட்டரைத் திட்டுவே. அதைக் கேட்டா, செவுரு இங்க, கதவு அங்கன்னு எல்லாம் அது அது எடத்துல நிக்கும். நீ வெளிய போயிட்டா ஒவ்வொண்ணும் கொஞ்சம் தள்ளிப் போயிடுது. அவ்வளவுதான். இதை உங்கிட்ட சொன்னா நீ வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்துக்குவே. சொல்லலை."

ஆக அவரும் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தார். வேறொரு நாளாக இருந்தால் அவள் இதை வைத்து ஒரு வாரம் சண்டை போட்டிருப்பாள். "கழட்டிடறேங்க," என்றாள்.

"வேணாம், இருக்கட்டும். அங்க படுத்துக்கிட்டு அடுப்பு எரியுதா அணைஞ்சுதான்னு நெனச்சிட்டிருக்கறதுக்கு இது தேவலை. ஒரு மிஸ்டு கால் குடுத்துட்டுப் பாரு. ஒரு ரிங் வந்தா நீ வந்திருக்கேன்னு தெரிஞ்சுக்கறேன்." அவள் தலையாட்டினாள், ஆட்டியதை அவர் எப்படிப் பார்ப்பார் என்று உறைத்து, சரிங்க என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. நீ என்னைப் பாத்துக்குவே. நான் உன்னை எப்படிப் பாக்கறது?"

உள்முகவரி, வெளிமுகவரி, பாஸ்வேர்டு, கேரியர், தேன்மொழி என்று எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவே இல்லை. அங்கிருந்து இங்கே பார்க்கத்தான் வழி செய்திருந்தாள். இங்கிருந்து அங்கே ஒன்றுமில்லை.

"ஆபரேஷன் முடிஞ்சு உன்னால பேச முடியாது, அது எனக்குத் தெரியும்," என்றார் சம்பந்தம். "பேச வேணாம். உன் ஃபோனைத் தலைமாட்டுல வெச்சு, லைனை மட்டும் திறந்து விடச் சொல்லு தேன்மொழிகிட்ட. நீ மூச்சு விடறது கேட்டாப் போதும். நான் இங்க எப்படியோ நடந்துக்குவேன்."

சத்தமில்லாமல் அழுவதில் புனிதவதி கெட்டிக்காரி. டாக்டரிடம் போய் வந்த நாளிலிருந்து சமையலறையில், குளியலறையில், அவர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டுகூட, மூக்கை உறிஞ்சாமல், மூச்சு தவறாமல் அழுதிருக்கிறாள், அவருக்குத் தெரியக் கூடாது என்று. இன்றைக்கு அது முடியவில்லை, அடக்கிக்கொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஹாலுக்கு நடுவில் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று, வாய்விட்டு ஓவென்று அழுதாள். சம்பந்தம் எழுந்தார். மேசையைச் சுற்றி, மடிக்கணினியின் வயரைத் தாண்டி, கைகளைத் தொங்கவிட்டபடி நேராக அவளிடம் நடந்து வந்தார்.